காதால் கேம் வாங்குகிறவர்கள் இங்கே யாரும் உண்டா? பிடித்த கேம் இசை, அடுத்து வாங்கப் போவது

பாலத்தடி (கல்லடி)

மாரி இன்னும் ஓயவில்லை. வெள்ளம் வடிந்த கையோடு வளவு துப்பரவாக்க ஆயிரம் வேலை கிடக்கிறது. நான் என்னவென்றால் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் குளிர்காலத் தள்ளுபடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விஷ்லிஸ்டில் 41 கேம். கையில் இருக்கும் காசுக்கு ஒன்று வாங்கலாம், வாயைக் கட்டினால் இரண்டு.

ஒரு விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஆறுதலாகச் சிரியுங்கள். நான் கேம் வாங்குவது காதால். ட்ரெய்லர் பார்ப்பேன், நம்ப மாட்டேன். யாரோ போட்ட பத்துக்கு ஒன்பதையும் நம்ப மாட்டேன். அந்தக் கேமின் இசையை எடுத்து ஒரு கிழமை கேட்பேன். காலையில் பாலத்தைக் கடக்கும்போது, கடையில் கணக்கு எழுதும்போது, இரவு படுக்கும்போது. ஒரு கிழமை கழித்தும் அலுக்கவில்லை என்றால் வாங்குவேன். ஐந்தாறு வருடமாக இப்படித்தான். தப்பியது குறைவு.

இந்தப் பழக்கம் ரீவி கேமிலிருந்து வந்தது. மஞ்சள் கேசட் போடுகிற மலிவுப் பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. கேசட்டின் மேலே 9999 கேம் என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது இருபதோ முப்பதோ. மிச்சமெல்லாம் அதே மரியோ வேறு வேறு நிறத்தில். அம்மா சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். சத்தத்தைக் குறைத்தால் எனக்கு விளையாட வராது, குழியில் விழுவேன். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

கோஜி கோண்டோ மரியோவின் மெட்டைப் போட்டது 1985இல். நாங்கள் வைத்திருந்தது நகல் பெட்டி. அதன் மூலமான நின்டெண்டோ பெட்டியில் மொத்தம் ஐந்து ஒலித்தடம்தான். சதுர அலை இரண்டு, கீழ்ச்சுருதிக்கு முக்கோண அலை ஒன்று, வெறும் இரைச்சல் ஒன்று, பதிவு செய்த சத்தத்துக்கு ஒன்று. இரைச்சலைத் துண்டு துண்டாக வெட்டித்தான் தாளம் போட்டிருக்கிறார். மரியோ குதிக்கும் 'பொய்ங்' சத்தத்துக்கென்று தனித்தடம் கிடையாது, சதுர அலை ஒன்றிலிருந்து கடன் வாங்க வேண்டும். அதனால் நீங்கள் குதிக்கிற அந்த நொடியில் பின்மெட்டு ஒன்று காணாமல் போகும், அந்தச் சத்தம் முடிந்ததும் திரும்பி வரும். ஒருக்கா ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். விளையாடுகிறவனும் அந்த இசைக்குள் ஒரு வாத்தியக்காரன்தான். நேரம் 100க்குக் கீழே இறங்கியதும் மெட்டு வேகமெடுக்குமே, அதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கை வியர்க்கும்.

(அந்தப் பெட்டி 2004 சுனாமியில் போய்விட்டது. அதைப் பற்றி இங்கே எழுத வரவில்லை.)

ஒரேயொரு மெட்டைச் சொல் என்று கேட்டால் என்னுடையது டோங்கி கோங் கன்ட்ரியின் தண்ணீர்க் கட்டத்து இசை, 'அக்வாற்றிக் அம்பியன்ஸ்'. டேவிட் வைஸ், 1994. சூப்பர் நின்டெண்டோவின் ஒலிப்பகுதிக்கு இருந்த நினைவகம் 64 கிலோபைட். இன்றைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது. கோர்க் வேவ்ஸ்டேஷன் என்ற விலை கூடிய கீபோர்ட் ஒலிகளை ஒன்றுக்குள் ஒன்று கரைத்து விடுகிற மாதிரி, அந்த 64 கிலோபைட்டுக்குள் சின்னச் சின்ன அலைத் துண்டுகளை அடுக்கி மனிதர் கரைய வைத்திருக்கிறார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு மேலதிகக் காரணமும் இருக்கிறது. பௌர்ணமி இரவில் மட்டக்களப்பு வாவியில் தோணியில் போய்த் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறுநுனியைக் காதில் கொடுத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். மாமாவோடு ஒருமுறை போனேன். பாலத்துக்குக் கிழக்கே தோணியை நிறுத்தி, மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து கேட்டோம். தம்புராவில் ஒற்றைக் கம்பியை யாரோ தூரத்தில் தடவுகிற மாதிரி ஒரு முனகல். மீனோ, மட்டியோ, என் காதுக்குள் ஓடும் இரத்தமோ, எதுவாகவும் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து டேவிட் வைஸின் மெட்டைப் போட்டபோது அதே ஈரம் அதில் இருந்தது.

சரி, வாங்கும் கதைக்கு வருவோம். இந்தக் கிழமை என் காதில் ஓடுவது இரண்டு. ஒன்று ஹாலோ நைட்: சில்க்சோங். இசை கிறிஸ்டோபர் லார்க்கின், முதல் பாகத்துக்கும் அவர்தான். 2019இல் அறிவித்து, ஆறரை வருடம் காக்க வைத்து, 2025 செப்டம்பர் 4ஆம் திகதி விட்டார்கள். விட்ட அன்று ஸ்டீமே படுத்துவிட்டது. அடுத்தது க்ளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33. பிரான்ஸில் மொம்பலியேயில் இருக்கும் சின்ன நிறுவனம். இசையமைப்பாளர் லோரியன் டெஸ்தார் அதற்கு முன் ஒரு கேமுக்கும் இசை போட்டதில்லை, இணையத்தில் மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தவரைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். 154 மெட்டு, எட்டு மணி நேரத்துக்கு மேல். 2025 கேம் அவார்ட்ஸில் வருடத்தின் சிறந்த கேமும் அதுதான், சிறந்த இசையும் அதுதான்.

இரண்டில் எது? வருகிற வருடத்துக்கு நீங்கள் எதற்குக் காசு சேர்க்கிறீர்கள்?


ஆரையூர்ப்பொடி (ஆரையம்பதி)

அண்ணே, ரீவி கேம் எல்லாம் உங்கள் வயது. நான் ஜிடிஏ: வைஸ் சிற்றி தலைமுறை.

இசை என்றதும் எனக்குப் பகிடியான கதை ஒன்று இருக்கிறது. வைஸ் சிற்றி கொம்பியூட்டருக்கு இரண்டு சீடியாகத்தான் வந்தது. எங்கள் கைக்குக் கிடைத்தது ஒற்றைச் சீடி, யாரோ சுருக்கி எழுதிய கொப்பி. ரேடியோ முழுவதையும் கழற்றிவிட்டுத்தான் அதைச் சுருக்கியிருந்தார்கள். எனக்கு அது தெரியாது! காரில் ஏறினால் என்ஜின் சத்தம் மட்டும்தான். நாலு வருடம் அப்படியே விளையாடினேன். 1986 என்று சொல்கிறார்கள், அந்தக் காலத்தில் கார்களுக்கு ரேடியோ இல்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மட்டக்களப்பு டவுனில் ஒரு நெற் கபேயில் முழுக் கேமைப் போட்டுவிட்டு ஒருத்தன் மோட்டார் சைக்கிளில் ஏறினான். ஏறினதும் பாட்டு. நான் என்ன செய்தாய் என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மறுகா கண்டுபிடித்தது, கேமின் போல்டருக்குள் எம்பி3 என்று ஒரு போல்டர் இருக்கும், அதற்குள் நம் பாட்டைப் போட்டால் அது தனி ரேடியோ நிலையமாக ஓடும் என்று. அன்றைக்கு வீட்டுக் கொம்பியூட்டரில் இருந்த எல்லாப் பாட்டையும் அள்ளிப் போட்டேன். அதற்குள் அக்கா வைத்திருந்த அம்மன் பாட்டும் போய்விட்டது. பொலிஸ் தேடுகிற நட்சத்திரம் நாலு விழுந்து, பின்னால் பொலிஸ், மேலே ஹெலிகொப்டர், காருக்குள் அம்மன் தாலாட்டு. அம்மா அடுப்படியிலிருந்து வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்குக் கேம் இசை என்றால் அதுதான். வாங்கப் போவது ஜிடிஏ 6. வேறு பேச்சே இல்லை. 2026 நவம்பர் 19.


மத்தளத்தார்பேரன் (மட்டக்களப்பு)

@பாலத்தடி, விளையாடுகிறவனும் வாத்தியக்காரன் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் இதை வைத்துக்கொண்டு கூத்தைப் பற்றிச் சொல்லாமல் போனதுதான் குறை.

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், அப்பப்பா அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர். வடமோடிக் கூத்தில் அரசன் களரிக்குள் (கூத்தாடும் இடத்துக்குள்) வருவதற்கு ஒரு வரவு, அரசிக்கு ஒரு வரவு, கட்டியகாரனுக்கு ஒரு வரவு. பாட்டும் வேறு, தாளக்கட்டும் வேறு. களரியின் ஓரத்தில் பாதித் தூக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் மத்தளம் மாறியதும் யார் வருகிறார் என்று தெரிந்துவிடும். ஃபைனல் ஃபாண்டசி 7இல் வில்லன் செபிரொத் வரும்போது அடிக்கிற மணிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறேன்.

அது வெளிப்படை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. களரியில் ஆடுகிறவன் சுற்றை முடிக்காமல் பாட்டு முடியாது. பாரமான உடுப்பு, காலில் சலங்கை, விடிய விடிய ஆட்டம், சிலவேளை பொடியன் களைத்துவிடுவான். அப்பப்பா மத்தளத்தை அடித்துக்கொண்டே அவன் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவன் இன்னொரு சுற்று எடுத்தால் அந்த அடியையே திரும்ப அடிப்பார், பிற்பாட்டுக்காரரும் அந்த வரியையே திரும்பப் பிடிப்பார்கள். கால் சரியான இடத்துக்கு வந்ததும் கைத்தாளம் போடும் சல்லரிக்காரருக்குக் கண்ணைக் காட்டித் தாளம் தீர்ப்பார். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் முன்பே அளந்து வைத்த மாதிரி இருக்கும். அளவே கிடையாது.

இதைக் கொம்பியூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் லூக்காஸ்ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தில் மைக்கல் லாண்ட், பீற்றர் மக்கொனல் என்ற இருவர் ஐமியூஸ் என்று ஒரு இசை முறையைச் செய்தார்கள். 1991இல் மங்கி ஐலண்ட் 2இல் அது முதன்முதலில் வந்தது. வுட்டிக் என்கிற ஊரில் ஒவ்வொரு கதவாக நுழைந்து பாருங்கள். மெட்டு வெட்டுப்படாது, உள்ளே போனதும் வாத்தியம் மாறும், வெளியே வந்ததும் பழைய வாத்தியம் சரியான இடத்தில் சேர்ந்துகொள்ளும். முதல் ரெட் டெட் ரிடெம்ப்ஷனுக்கு (2010) இசை போட்டவர்கள் ஏறத்தாழ எல்லாவற்றையும் ஒரே சுருதி, ஒரே வேகம் என்று பதிவு செய்து வைத்தார்கள். ஏ மைனர், நிமிடத்துக்கு 130 அடி. எந்தத் துண்டின் மேல் எந்தத் துண்டை வைத்தாலும் இடறாது. குதிரையில் ஏறினால் ஒன்று கூடும், துவக்குச் சத்தம் கேட்டால் இன்னொன்று கூடும்.

அதனால் நான் சொல்ல வருவது என்னவென்றால், பாலத்தில் நடந்துகொண்டு ஹெட்போனில் கேட்பது கேமின் இசையே இல்லை. அது கூத்துப் பாட்டை சீடியில் கேட்கிற மாதிரி. காத்து நிற்கிற அந்தக் குணம் அதில் போய்விடும்.


கரைவாகுக் காக்கா (சாய்ந்தமருது)

தம்பிமார் எல்லோருக்கும் சலாம். கூத்துக் கதை சரியான வடிவு. ஆனால் கடைக்காரனாக எனக்கு வாங்கும் பக்கத்தைப் பற்றித்தான் கவலை.

@பாலத்தடி தம்பி, காதால் வாங்குவது மணத்தை நம்பி சஹனுக்கு (கூடியிருந்து சாப்பிடும் பெரிய தட்டுக்கு) உட்காருகிற மாதிரி. உட்கார்ந்த பிறகுதான் இறைச்சி வேகவில்லை என்று தெரியும். எனக்கு நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கேம், பெயர் வேண்டாம், பாட்டெல்லாம் தேன். வாகனத்தில் போட்டுக்கொண்டு அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் ஓடினேன். வாங்கினேன். முதல் நாலு மணி நேரம் ஆள் மாறி ஆள் கதைக்கிறார்கள். வாளை எடுக்க விடவே இல்லை. பாட்டுக்காக எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது?

சரி, விலைக் கணக்குத் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஸ்டீமில் எங்களுக்கு இப்போது தெற்காசிய டாலர் விலை. பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், நாம். அமெரிக்கக்காரனுக்குப் போடும் விலையைவிடப் பல கேம்கள் குறைவு, ஆனால் எல்லாம் இல்லை. அந்த வசதியைக் கொடுப்பதும் விடுவதும் கேம் செய்தவனின் விருப்பம். டாலர் 300 ரூபாவைத் தாண்டி நிற்கிற நேரத்தில் இதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இன்னொன்று, வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். காதை நம்புகிறவன் இந்த இரண்டு மணி நேரத்தையும் நம்பட்டும்.

@ஆரையூர்ப்பொடி, உனக்கு ஜிடிஏ 6 வேண்டும். எதில் விளையாடுவாய் மகன்? நவம்பரில் வருவது பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பொக்ஸ் சீரிஸுக்கும் மட்டும். கொம்பியூட்டருக்கு எப்போது என்று ஒரு திகதியும் சொல்லவில்லை. பிளேஸ்டேஷன் ஸ்டோரின் நாட்டுப் பட்டியலில் இலங்கை கிடையாது, வேறு நாட்டுக் கணக்குத் திறந்து கார்ட் வாங்கிப் போட வேண்டும். அப்படி ஒரு கார்டை முகநூலில் விற்கிறவரிடம் வாங்கி, அது ஏற்கனவே பாவித்தது என்று தெரிந்து, அந்த மனிதர் போனை எடுக்காமல் விட்டது வேறு கதை. என் மனுசி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.


ஆரையூர்ப்பொடி (ஆரையம்பதி)

காக்கா, ஏன் காலையிலேயே நெஞ்சில் அடிக்கிறீர்கள். சீட்டுக் கட்டுகிறேன், நவம்பருக்குள் பிளேஸ்டேஷன் வரும். இன்ஷா அல்லா என்று நீங்களே சொல்லுங்கள்.


கரைவாகுக் காக்கா (சாய்ந்தமருது)

இன்ஷா அல்லா. சீட்டைப் பிந்தி எடு, கழிவு குறையும்.


விடுதிக்கட்டில் (வந்தாறுமூலை)

வணக்கம். நான் கம்பஸ் விடுதியில் இருக்கிறேன், கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மடிக்கணினி. எக்ஸ்பெடிஷன் 33ஐ அதில் போட்டால் மின்விசிறி கழன்று பறந்துவிடும். ராம் (கணினியின் நினைவகம்) கூட்டலாம் என்று கடையில் கேட்டேன். 2025 கடைசியில் ராம் ஏறிய விலையைக் கேட்டதும் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். செயற்கை நுண்ணறிவுக்குக் கட்டுகிற டேட்டா சென்டர்கள் எல்லாவற்றையும் அள்ளுகின்றனவாம். வந்தாறுமூலையில் இருக்கிற எனக்கு ஏன் அந்தத் தண்டனை?

கூத்து அண்ணா சொன்ன வரவு விசயத்துக்கு, என் கணினியிலும் ஓடுகிற சாட்சி ஒன்று அன்டர்டேல் (2015). டோபி ஃபொக்ஸ் கேமையும் செய்து இசையையும் தானே போட்டவர். தொடக்கத்தில் சின்னக் குழந்தைப் பாட்டு மாதிரி வருகிற மெட்டு, போகப் போக எங்கெங்கோ வேறு உடுப்பில் வரும். சண்டையில் ஒருமுறை, அழுகையில் ஒருமுறை. தெரிந்து கேட்பதில்லை. ஏன் கண் கலங்குகிறது என்று பார்த்தால் பழைய மெட்டு உள்ளே ஒளிந்திருக்கும்.

ஆனால் ஹெட்போனில் கேட்பது கேம் இசையே இல்லை என்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன். லீனா ரெய்ன் செலெஸ்ட்டுக்கு (2018) போட்ட இசையை நான் கேம் விளையாடுவதற்கு ஒரு வருடம் முன்பே கேட்கத் தொடங்கினேன். பரீட்சைக் காலம் முழுவதும் அதுதான். மலை ஏறும் கேம் என்றே தெரியாது. பிறகு விளையாடியபோது ஏற்கனவே போய் வந்த ஊருக்குப் போன மாதிரி இருந்தது. அந்த அனுபவம் விளையாடிவிட்டுக் கேட்கிறவர்களுக்குக் கிடைக்காது.

வெண்பா என்ற கேமை யாரும் சொல்லவில்லையே! 2023இல் வந்தது. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் கொப்பி, அதில் விடுபட்ட வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். புட்டு அவிக்கிற கட்டம் இருக்கிறது. அடுப்பை மூட்டியதும் ரேடியோவில் பாட்டுத் தொடங்கும். ஒவ்வொன்றும் தமிழ்ச் சினிமாப் பாட்டின் ஒவ்வொரு காலத்து மாதிரி புதிதாகப் போட்டது. அவர்கள் இந்தியத் தமிழ்க் குடும்பம், நம் கதை இல்லை. புட்டுக்குத் தேங்காய்ப்பூப் போடும் அளவில் எனக்கு ஒரு சண்டையும் உண்டு. ஆனாலும் ஒரு கேம் எனக்குத் தெரிந்த மொழியில் பாடியது அதுதான் முதல் தடவை. அறைத்தோழிகள் மூன்று பேர் கட்டிலில் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், தள்ளுபடியில் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுகக் கேம் என்ற விருதும் அதற்குத்தான்.


உப்புக்காற்று (திருக்கோவில்)

நான் வாங்கப் போவது ரெசிடென்ட் ஈவில் ரெக்வியம். 2026 பெப்ரவரி 27. பேய்க்கு இல்லை, சேவ் அறைக்கு (விளையாட்டைச் சேமித்து வைக்கும் இடம்). இந்தத் தொடரில் ஓடி, செத்து, தோட்டா முடிந்து, ஒரு கதவைத் திறந்தால் மெல்லிய இசை வரும். தட்டச்சு இயந்திரம் ஒன்று இருக்கும். இனி யாரும் வர மாட்டார்கள். அந்த இசையை விட்டுவிட்டு நான் ஒருமுறை குளித்துச் சாப்பிட்டு வந்திருக்கிறேன்.

கேம் இசைக்கு கிராமியே 2023இல்தானே முதன்முதலில் கொடுத்தார்கள்? அதுவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.


மத்தளத்தார்பேரன் (மட்டக்களப்பு)

@உப்புக்காற்று, 2023இல் தொடங்கியது கேம் இசைக்கென்று தனிப் பிரிவு. அதை முதலில் வாங்கியது ஸ்டெபனி எக்கோனமூ, அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லாவின் ஒரு விரிவாக்கத்துக்காக. கேமுக்குப் போட்ட பாட்டு ஒன்று கிராமி வாங்கியது அதற்கு முன்பே, 2011இல். கிறிஸ்டோபர் டின்னின் 'பாபா யெத்து'. சிவிலைசேஷன் 4இன் முகப்பில் வருவது, 2005ஆம் வருடத்துக் கேம். சுவாஹிலி மொழியில் பரமண்டல ஜெபம். இங்கே எத்தனையோ பேர் அதைக் கேட்டுவிட்டு விளையாட்டைத் தொடங்காமலே விட்டிருப்பார்கள், நான் உட்பட.


பாலத்தடி (கல்லடி)

இரண்டு நாள் கரண்ட் ஒழுங்காக இல்லை, அதற்குள் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்.

@மத்தளத்தார்பேரன், அப்பப்பா கதையை மூன்று முறை வாசித்தேன். 'காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்' என்ற இடத்தில் எனக்கு மரியோவின் குழி நினைவு வந்தது. சத்தத்தைக் குறைத்ததும் நான் விழுந்தது அதனால்தான் போல, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தவரை வெளியே அனுப்பிவிட்டேன். ஆனால் உங்களோடும் ஒரு சண்டை இருக்கிறது. காத்து நிற்காத இசையும் கேமில் நன்றாக இருக்கும். செபிரொத்தோடு கடைசிச் சண்டையில் வருகிற இசையை எடுங்கள், 1997. நொபுவோ உவேமட்சு சின்னச் சின்னத் துண்டாக நிறைய எழுதி வைத்து, பிறகு எந்தத் துண்டை எங்கே ஒட்டினால் நன்றாக இருக்கும் என்று ஒட்டித்தான் அதைச் செய்தாராம். ஒட்டு தெரிகிறது. இலத்தீனில் கூட்டமாகக் கத்துகிறார்கள். அது உங்களுக்காகக் காத்து நிற்கவே நிற்காது. நீங்கள்தான் அதற்குள் ஓடிப் பிடிக்க வேண்டும். அதுவும் ஒரு சுகம்.

@ஆரையூர்ப்பொடி, அம்மன் தாலாட்டு விசயத்தில் நான் தோற்றேன். ரேடியோப் பாட்டைக் கேம் இசை என்று நான் கணக்கெடுப்பதில்லை, கடன் வாங்கிய சரக்கு என்பேன். ஆனால் உன் கதையில் பொலிஸ் துரத்தும்போது அந்தப் பாட்டுத்தான் ஓடியது. இனி எனக்கும் வைஸ் சிற்றி என்றால் அதுதான் ஓடும்.

@விடுதிக்கட்டில், தங்கச்சி, வெண்பா என்னிடம் இருக்கிறது. தேங்காய்ப்பூச் சண்டையில் நான் உங்கள் பக்கம்.

முடிவு சொல்கிறேன். க்ளேர் ஒப்ஸ்கூரின் பாட்டுகளை ஒரு கிழமை கேட்டாயிற்று. அலிஸ் டியூபோர்-பெர்சியே என்பவர் பாடுகிறார், பிரெஞ்சு எனக்கு ஒரு சொல்லும் தெரியாது, இருந்தும் 'லுமியேர்' என்று இழுக்கும்போது பாலத்தின் நடுவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஏசிவிட்டுப் போனார். காது ஓம் என்கிறது, என் பழைய கிராபிக்ஸ் கார்ட் ஏலாது என்கிறது. அது கார்ட் மாற்றும்வரை நிற்கட்டும். ரெக்வியமும் அதே கணக்குத்தான். டிராகன் குவெஸ்ட் 7இன் புதிய பதிப்பு 2026 பெப்ரவரி 5இல் வருகிறது. அதன் இசையமைப்பாளர் கொயிச்சி சுகியாமா 2021இல் தவறிவிட்டார், அவருடைய பழைய மெட்டுகளை இனிமேல் எப்படி வாசிக்கிறார்கள் என்று கேட்க ஆசை. அதற்குச் சம்பளம் வரட்டும்.

சில்க்சோங்கை வாங்கிவிட்டேன். உலக விலையே 20 டாலர்தான். இறக்குவதற்கு நைட் டேட்டாவை நம்பி அலாரம் வைத்து எழும்பினேன். 63 வீதத்தில் கரண்ட் போனது.


விடுதிக்கட்டில் (வந்தாறுமூலை)

அண்ணா, சில்க்சோங்கில் ஒன்று சொல்லட்டா, கதையைக் கெடுக்க மாட்டேன். கொஞ்ச தூரம் போனதும் நாம் ஆட்டுவிக்கும் ஹோர்னெட்டுக்குத் தன் ஊசியையே வாத்தியமாக வாசிக்கும் வித்தை கிடைக்கும், நீடோலின் என்று பெயர். வழியில் நிற்கிறவர்களுக்கு முன்னால் நின்று வாசித்துப் பாருங்கள். எதிரிகளைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஒருக்கா வாசியுங்கள்.


மத்தளத்தார்பேரன் (மட்டக்களப்பு)

என்ன நடக்கும்?


விடுதிக்கட்டில் (வந்தாறுமூலை)

கூடப் பாடுவார்கள்.


மத்தளத்தார்பேரன் (மட்டக்களப்பு)

பிற்பாட்டு! சரி, நானும் வாங்குகிறேன்.


கரைவாகுக் காக்கா (சாய்ந்தமருது)

@பாலத்தடி தம்பி, இறங்கி முடிந்ததா? பிடிக்கவில்லை என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவெடு. கணக்கு மறந்துவிடாதே.


பாலத்தடி (கல்லடி)

நேற்று இரவு இறங்கியது காக்கா. பெல் பீஸ்ட் என்று ஒரு பூதம், பதினொரு முறை கொன்றது. தகரத்தில் மழை, ஹெட்போனில் மணிச் சத்தம், எது உள்ளே, எது வெளியே என்று தெரியவில்லை. பன்னிரண்டாவது முறை நான் கொன்றுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மணி 3.40. ஸ்டீம் கணக்கில் நாலே கால் மணி நேரம். இனிக் காசு திரும்பாது.